மேப்பும் வயிரவர் கோயிலடியும்

கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்ப் திருத்துவது என் தொழில். பாதிப் பேர் பம்பைக் கடைக்குக் கொண்டு வருவார்கள். மீதிப் பேர், "ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ அண்ணை" என்று வயலடிக்கே கூப்பிடுவார்கள். அக்கராயன், வட்டக்கச்சி, மல்லாவி, ஒட்டுசுட்டான் எல்லாம் என் பழைய பல்சரில்தான். வழி கேட்டால், "சந்தியால உள்ளுக்க இறங்கி, வயிரவர் கோயிலடியில பீச்சாங்கைப் பக்கம்" என்பார்கள். எந்த மேப்பிலும் அந்த வயிரவர் இல்லை.

ஆகவே புறப்படுமுன், பம்பின் சொந்தக்காரரைக் கிணற்றடியில் நின்று வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் இருந்து அனுப்பினால் வீட்டுக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். லைவ் லொகேஷன் வேண்டாம். அவர் நடக்க அதுவும் நடக்கும். வந்ததை மேப்பில் சேமித்து வையுங்கள்.

ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் சிக்னல் வந்து வந்து போகும். டேட்டா இல்லாவிட்டால் ஜிபிஎஸ்ஸும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஜிபிஎஸ் செய்மதியில் இருந்து வருவது. டேட்டா தேவைப்படுவது மேப்பின் படத்துக்கு. கூகிள் மேப்பில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதியை வைஃபை உள்ள இடத்தில் ஆஃப்லைனாக இறக்கி, இடைக்கிடை புதுப்பியுங்கள், விட்டால் காலாவதியாகிவிடும். நான் ஓர்கானிக் மேப்ஸ் என்ற இன்னொரு மேப் ஆப்பும் வைத்திருக்கிறேன். காட்டுப் பாதைகளை அது புள்ளிக் கோடாகக் காட்டும். புள்ளிக் கோட்டைக் கண்டால் மாரியில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

போனை ஹாண்டிலில் பூட்டுவதில்தான் நான் நட்டப்பட்டேன். வெறும் இரும்புப் பிடியில் பூட்டிக் கிரவல் றோட்டில் ஓடி, சில மாதத்தில் கமரா ஃபோகஸ் ஆகாமல் போய்விட்டது. மோட்டார் சைக்கிள் அதிர்வு கமராவைப் பாதிக்கும் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்திருக்கிறது; எனக்குத் தெரிந்தது பிறகுதான். இப்போது பிடிக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்திருக்கிறேன். மேலே, பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்தில் வளையமாக வெட்டி, நாலு மூலையிலும் குறுக்காக மாட்டுகிறேன். பள்ளத்தில் விழுந்தாலும் போன் பறக்காது. நடுவெயிலில் போன் சூடேறித் திரை மங்கும். அப்போது திரையை அணைத்து, ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் குரலை மட்டும் கேளுங்கள். மழையிலும் அப்படித்தான்; துளி விழுந்தால் போன் அதை விரல் என்று நினைக்கும். தட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்துங்கள்.

ஒரு மார்கழியில் மேப் என்னை ஒரு குளக்கட்டு வழியாகக் கொண்டுபோனது. கட்டு முடியும் இடத்தில் குளம் நிரம்பி வான் பாய்கிறது, முழங்காலளவு தண்ணீர். மேப்புக்கு அது றோட்டு. அக்கரையில் நின்ற ஐயா, "தம்பி, திரும்பிப் போ" என்று கையைக் காட்டினார். நாலு மைல் சுற்றினேன்.

குறுக்குப் பாதையில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், வந்த தடத்திலேயே திரும்புங்கள். மிதிவெடி மேப்பில் இராது. பொழுதுபட்ட பிறகு காட்டுப் பாதையில் ஆனையும் அப்படித்தான்.

கடைசி அரை மைலுக்குப் போன் சட்டைப் பைக்குள் போய்விடும். பெட்டிக்கடையில் ஒரு பிளேன்டீ குடித்தபடி, "பம்ப் பழுதாப்போன வயல் எது?" என்று கேட்பேன். யாராவது ஒரு பெடியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போவான்.