இத்தாலியில் குழந்தைக்குப் பெயர் வைப்பது எப்படி: பாட்டி பெயர் முதல் காற்புள்ளி வரை

என் கணவர் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோக்காரர். மகளுக்கு ரொசாலியா என்ற மாமியார் பெயரும் மாலதி என்ற என் அம்மா பெயரும் வைத்தோம். அதற்குள் தெரிந்துகொண்டதையெல்லாம், இத்தாலியரை மணந்து முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பெற்றோர் இருவரும் வெளிநாட்டுக் குடிமக்கள் என்றால் பெயருக்குச் சொந்த நாட்டுச் சட்டம்தான்; படி 3 அவர்களுக்கு அல்ல.

படி 1: தாத்தா பாட்டி பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்

தெற்கு இத்தாலியில், குறிப்பாகச் சிசிலியில், மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி பெயர். அடுத்து வருபவர்களுக்கு அம்மா வழிப் பெயர்கள். தாத்தா உயிரோடு இருக்கும்போதே வைப்பார்கள். ஒரே வீட்டில் நாலு ஜுசெப்பே இருந்தால் ஒருவர் பெப்பே, ஒருவர் பெப்பினோ என்று பிரித்துக் கூப்பிடுவார்கள். இந்த வழக்கம் இப்போது தளர்ந்துவிட்டது. ஆனாலும் மாமியாரிடம் ஐந்தாம் மாதத்திலேயே பேசிவிடுங்கள். பிரசவ அறையில் பேச வேண்டிய விஷயம் இல்லை.

படி 2: புனிதர் நாளைப் பாருங்கள்

பிறந்தநாள் போலவே பெயர்நாளும் உண்டு, ஓனொமாஸ்திகோ என்பார்கள். ஜுசெப்பேக்களுக்கு மார்ச் 19, லூச்சியாக்களுக்கு டிசம்பர் 13. அன்றைக்கு அத்தை, சித்தப்பா எல்லோரும் போன் செய்து வாழ்த்துவார்கள். தன் பெயரில் புனிதர் இல்லாதவர்கள் நவம்பர் 1-ஐ, அதாவது எல்லாப் புனிதர்களின் நாளைக் கொண்டாடலாம்.

ஊருக்கு ஊர் காவல் புனிதர் வேறு. நாப்போலியில் ஜென்னாரோ, கத்தானியாவில் ஆகத்தா, பாரியில் நிக்கோலா. பலெர்மோவை 1624-ல் தாக்கிய கொள்ளைநோயிலிருந்து காத்தவர் என்று கும்பிடப்படுபவர் ரொசாலியா. செப்டம்பர் 4 அவர் நாள். பெல்லெக்ரீனோ மலையில் உள்ள அவருடைய குகைக் கோயிலுக்கு நம் ஈழத்தமிழர்கள், இந்துக்கள் உட்பட, ஏறிப் போவதைப் பலெர்மோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் எங்கள் இரு வீட்டுக்கும் இந்தப் பெயரில் மாற்றுக் கருத்தே எழவில்லை.

படி 3: சட்டம் எதைத் தடுக்கிறது?

2000-ம் ஆண்டின் 396-ம் எண் ஆணைதான் அடிப்படை. உயிரோடு இருக்கும் அப்பாவின் பெயரை மகனுக்கு வைக்க முடியாது. உடன்பிறந்தவர் பெயரும் அப்படியே. குடும்பப் பெயரை முதல் பெயராக்கக் கூடாது. கேலிக்கு இடம் தரும் பெயரும் கூடாது. வெனெர்தி, அதாவது வெள்ளிக்கிழமை என்று மகனுக்கு வைத்த பெற்றோரை 2007-ல் ஜெனோவா மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. பெயர் குழந்தையின் பாலினத்தோடு பொருந்தவும் வேண்டும். அந்த்ரேயா அங்கே ஆண் பெயர். பெண்ணுக்கும் வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல்தான் சொன்னது.

எத்தனை குழந்தைகளுக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்க இத்தாலியப் புள்ளிவிவர நிறுவனமான இஸ்தாத்தின் 'கொந்தாநோமி' இணையப் பக்கம் போதும். 2018 முதல் ஆண் பெயர்களில் லியோனார்தோதான் முதலிடம். பெயர்ப் பட்டியல் தளங்களை நான் நம்புவதில்லை. இத்தாலியில் யாரும் வைக்காத பெயர்களையும் அவை 'இத்தாலியப் பெயர்' என்று போடுகின்றன.

படி 4: காற்புள்ளி

இங்கே நிதானமாகப் படியுங்கள். மூன்று பெயர்கள் வரை வைக்கலாம். பதிவு அலுவலர் எங்களிடம் "நடுவில் காற்புள்ளி உண்டா, இல்லையா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதை யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

'ரொசாலியா, மாலதி' என்று காற்புள்ளியோடு எழுதினால் சான்றிதழ்களில் ரொசாலியா மட்டும்தான் வரும். மாலதி பிறப்புப் பதிவேட்டிலேயே தங்கிவிடுவாள். காற்புள்ளி இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே பெயர். பள்ளி, வங்கி, விமானச் சீட்டு எல்லாவற்றிலும் இரண்டையும் எழுதியாக வேண்டும்.

கோதிசே ஃபிஸ்காலே என்ற 16 எழுத்து வரி எண்ணும் இதனால் மாறும். பெயரின் மெய்யெழுத்துகளிலிருந்து மூன்றை எடுப்பார்கள். நாலோ அதற்கு மேலோ இருந்தால் 1, 3, 4-வது. ரொசாலியா மட்டும் என்றால் ஆர், எஸ், எல். மாலதியும் சேர்ந்தால் ஆர், எல், எம். நாங்கள் காற்புள்ளி வேண்டாம் என்றோம். அம்மா பெயர் மகளின் அடையாள அட்டையிலும் இருக்கட்டும் என்பது என் விருப்பம். உங்களுக்கு அலைச்சல் குறைய வேண்டுமானால் காற்புள்ளி போடுங்கள். எதுவானாலும் அலுவலகம் போகும் முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு பெயரை மாற்ற, மாவட்டத்தில் மத்திய அரசின் பிரதிநிதியான பிரெஃபெத்தோவிடம் விண்ணப்பிக்க வேண்டிவரும்.

படி 5: பதிவு

மருத்துவமனையிலேயே என்றால் 3 நாளுக்குள், நகராட்சியில் என்றால் 10 நாளுக்குள். 2022-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு அம்மா, அப்பா இருவர் குடும்பப் பெயரும் குழந்தைக்கு வரும். ஒன்று போதும் என்றால் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது: தமிழ்ப் பெயரை எப்படி எழுதுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆங்கில எழுத்துமுறை அங்கே செல்லாது. சி-எச் என்று எழுதினால் 'க' என்றுதான் படிப்பார்கள். சந்திரா கந்த்ரா ஆகிவிடுவாள். எச் ஒலிக்காது, ஹரிணி அரிணிதான். மாலதியில் டி-க்குப் பின் எச் போடாமல் விட்டதும் அதனால்தான். மகனுக்கு சூர்யா போல 'ஆ'-வில் முடியும் பெயர் வைத்தால் பெண் என்று நினைப்பார்கள். லூக்கா, நிக்கோலா, அந்த்ரேயா மாதிரி சில பெயர்கள்தான் விலக்கு. எழுதியதை அக்கம்பக்கத்து இத்தாலியர் ஒருவரிடம் நீட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.