ஓய்வுக்குப் பின் வீட்டில் உடற்பயிற்சி: எந்தக் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பாளையங்கோட்டையில் பணி ஓய்வு பெற்ற யாரைக் கேட்டாலும், முதல் ஆறு மாதம் வ.உ.சி. மைதானத்துக்கு நடக்கப் போனதைச் சொல்வார்கள். அப்புறம் கத்திரி வெயில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். தெருநாய்க்குப் பயந்து ஐந்து மணி ஆறரை ஆகும். ஒருநாள் நடை நின்றுபோகும். 60 வயதில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கும் அப்படித்தான் நின்றது.

வீட்டிலேயே ஒரு கருவி இருந்தால் நல்லது என்று தோன்றியதும் பலர் நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள். கடைக்குப் போவதைக் கடைசியில் வையுங்கள். முதலில் உடம்பைப் பாருங்கள், அடுத்து வீட்டைப் பாருங்கள்.

படி 1: நாற்காலியில் ஒரு சோதனை

நெஞ்சுவலி, தலைசுற்றல், அடங்காத ரத்தஅழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட், மூட்டு ஆபரேஷன் இவற்றில் ஏதாவது இருந்தால், இந்தச் சோதனைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், எந்த நேரத்தில் பயிற்சி செய்யலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியில் சர்க்கரை இறங்கக்கூடும்.

சரி, இப்போது கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் இடம் தரையிலிருந்து 17 அங்குலம் இருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 66. "இதுல என்ன டீச்சர் இருக்கு?" என்றுதான் உட்கார்ந்தார். மதினி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினார்கள். ஐந்து வரைக்கும் அலுங்காமல் எழுந்தார். ஆறாவது முறை, கட்டியிருந்த கை தானாகப் பிரிந்து தொடையில் ஊன்றியது. "கையை எடுங்க, கையை எடுங்க" என்று மதினி சொல்லச் சொல்ல, மறுபடியும் ஊன்றித்தான் எழுந்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. 30 விநாடி முடிந்தபோது ஒன்பது. கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், இந்தச் சோதனையின் விதிப்படி மதிப்பெண் பூஜ்யம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. "காலுக்குத்தான் வேலை கொடுக்கணும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

30 விநாடியில் குறைந்தது எத்தனை முறை எழ வேண்டும்? 60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12. 65 முதல் 69 வரை 12, 11. 70 முதல் 74 வரை 12, 10. இதற்குக் கீழே வந்தால் கால்பலம் சராசரியைவிடக் குறைவு என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் உண்டு. சுவருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றப் பாதத்தின் விரல்களோடு ஒட்டினாற்போல, ஒரே கோட்டில் வையுங்கள். பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடியவில்லை என்றால் விழுகிற ஆபத்து கூடுதல். தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறையில் குளித்துவிட்டு ஈரப்படியில் ஏறிப் பழகியவர்களுக்கு, அந்தப் பத்து விநாடியின் அருமை தெரியும்.

படி 2: உங்களுக்கு எது குறைகிறது?

65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு இது: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமாக மூச்சு வாங்கும் உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்குப் பலம் கொடுக்கும் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி. டிரெட்மில்லும் சைக்கிளும் முதலாவதுக்குத்தான் பெரும்பாலும் உதவும். பெரிய மெஷினை வாங்கிவிட்டு, மற்ற இரண்டையும் மறந்துவிடக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம். தினம் அரைமணி நேரம் நடப்பவருக்கும் எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருந்தால், அவர் வாங்க வேண்டியது டிரெட்மில் இல்லை.

படி 3: டேப் எடுத்து வீட்டை அளங்கள்

கருவி வைக்கிற இடத்தில் ஃபேன் காற்று வர வேண்டும். மொட்டை மாடித் தகரக் கூரையின் கீழ் வேண்டவே வேண்டாம். சித்திரையில் அங்கே நிற்கக்கூட முடியாது. டிரெட்மில்லுக்குப் பின்னால் 2 மீட்டர், இருபுறமும் அரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். மேலே ஏறி நின்றால் தலை பரணில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். எர்த் உள்ள பெரிய பிளக் தனியாக வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த பகுதியில் இருப்பவர்கள், மோட்டார் உள்ள எதையும் தரைத்தளத்தில் வைக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

படி 4: முதல் மாதம் இவ்வளவு போதும்

சோதனை செய்த அதே நாற்காலிதான் முதல் கருவி. எழுந்து உட்காருவதையே பயிற்சியாக, பத்து பத்தாக இரண்டு சுற்று செய்யுங்கள். ஆரம்பத்தில் கை ஊன்றினாலும் பரவாயில்லை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது எல்லாம் செலவில்லாதவை.

அடுத்தது ரப்பர் பேண்ட். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள பட்டையாக, இருப்பதிலேயே இலகுவானதை வாங்குங்கள். நிறத்தை வைத்து இழுவையைச் சொல்வார்கள், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். கடையிலேயே இழுத்துப் பாருங்கள்; பன்னிரண்டு முறை இழுத்தும் தோள் காதுப் பக்கம் ஏறாமல் இருந்தால் அது உங்களுக்குச் சரி. நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும். ஜன்னலோரம் போடாதீர்கள். வாரம் ஒருமுறை விரித்து, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இழுக்கும்போது அறுந்தால் நேரே முகத்தில்தான் அடிக்கும்.

டம்பெல் ஒரு கிலோவில் ஒரு ஜோடி போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஏறக்குறைய ஒரு கிலோதான். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்தஅழுத்தம் ஏறும். கர்லாக்கட்டை சுற்றிப் பழகியவர்கள் இன்னும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள், பார்க்கவே கம்பீரமாக இருக்கும். ஆனால் 60க்கு மேல் புதிதாகத் தொடங்க அது ஏற்றதல்ல, தோள் தாங்காது.

விரிப்புக்கு, அடியில் வழுக்காத ரப்பர் மேட் வாங்குங்கள். பத்தமடைப் பாய் படுக்கத்தான். டைல்ஸ் தரையில் நின்று பயிற்சி செய்தால் வழுக்கிவிடும்.

படி 5: ஒரு மாதம் விடாமல் செய்தீர்களா? இப்போது சைக்கிள்

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு டிரெட்மில்லைவிட சைக்கிள் நல்லது என்பது என் அபிப்பிராயம். உடம்பின் பாரம் சீட்டில் இறங்கிவிடுகிறது. இதில் இரண்டு வகை உண்டு: சாதாரண சைக்கிள் மாதிரி நிமிர்ந்து உட்காருவது, முதுகைச் சாய்த்துக் காலை முன்னே நீட்டி மிதிப்பது. முதுகுவலியோ தடுமாற்றமோ இருந்தால் சாய்வு வகையைப் பாருங்கள். இடம் கூடுதலாக அடைக்கும், விலையும் கூடும். ஆனால் ஏறி இறங்க எளிது.

கடையில் பேசுவதைக் கேட்பதைவிட ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நான் முதலில் பார்த்த சைக்கிளில், சீட்டைக் கடைசித் துளை வரை இறக்கியும் எனக்குக் கால் எட்டவில்லை. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித்தான் மிதிக்க முடிந்தது. அதையே வாங்கியிருந்தால் இடுப்புவலியையும் சேர்த்து வாங்கியிருப்பேன். சேலை கட்டுபவர்கள், நடுக்கம்பி தாழ்வாக இருக்கிறதா, சக்கரம் முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இழுவை காந்தத்தால் என்றால் சத்தம் குறைவு, தேய்மானமும் குறைவு. பத்து நிமிடம் மிதித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

டிரெட்மில்தான் வேண்டும் என்றால், சுருக்கமாகச் சில விஷயங்கள். மோட்டாரின் உச்ச குதிரைத்திறனைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தொடர்ந்து ஓடும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். இருபுறமும் நீளமான கைப்பிடி, சட்டையில் மாட்டும் பாதுகாப்பு கிளிப், மணிக்கு 1 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் கிளம்பும் வசதி இவை கட்டாயம். மாதாந்திர பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கிற நாளில் ஏறாதீர்கள். பெல்ட் திடீரென்று நின்றால் நாம்தான் முன்னால் விழுவோம்.

அதிர்வு மெஷின், வியர்க்க வைக்கும் பெல்ட் இவை வேண்டாம். மேலே ஏறி நின்று உடம்பைத் திருப்பும் சுழல் தட்டு, தடுமாற்றம் உள்ளவர்களுக்கு ஆபத்து.

படி 6: பணம் கட்டும் முன்

"ரிப்பேர் ஆனா யார் வருவா, எந்த ஊர்லேருந்து?" என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் வாங்கிய சைக்கிளில் இரண்டாம் வாரமே இடது பெடல் கழன்றது. வாரண்டி இருந்தது, ஆள் வர மூன்று வாரம் ஆனது. அம்பை, வள்ளியூர்ப் பக்கம் இருப்பவர்கள் இதை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வாரம் பத்து நிமிடம் போதும். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் மிதமான வேகம். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டினால் அரைமணி நேரத்துக்கு வந்துவிடலாம்.

வீட்டில் இரண்டு பேர் மிதிப்பதாக இருந்தால், சீட் கம்பியில் அவரவர் துளைக்குப் பக்கத்தில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். எங்கள் சைக்கிளில் சிவப்பு என்னுடையது. அதற்கு மூன்று துளை தள்ளி இருக்கும் ரோஸ் என் கணவருடையது.