வாழைத்தார் தொங்கும் கயிற்றில் எவ்வளவு இழுவிசை?

10 கிலோ தாரைக் கயிற்றின் நடுவில் கட்டினால் பக்கத்துக்கு 5 கிலோதானே என்று தோன்றும். இரண்டு பக்கமும் கயிறு செங்குத்தாக நின்றால்தான் அந்தக் கணக்கு சரி.

களக்காட்டு ஏத்தன் வாழைத்தார் ஒன்று, 4 மீட்டர் நைலான் கயிறு, 50 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் கொக்கித் தராசு, அளவு நாடா, கோணமானி போதும். 2 மீட்டர் இடைவெளியில் அசையாத இரண்டு தூண்கள் வேண்டும். முதலில் தாரை மட்டும் நிறுங்கள். தராசு காட்டும் 10 கிலோ நிறை. எடை என்பது விசை. திருநெல்வேலியில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78 மீ/வி². எனவே எடை 97.8 நியூட்டன். (9.8 என்று போட்டாலும் குற்றமில்லை, தராசின் பிழையே அதைவிடப் பெரிது.)

ஒரு தூணுக்கும் கயிற்றுக்கும் நடுவே தராசை மாட்டி, இரு முனைகளையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். தார் தொங்கியபின் நடுப்பகுதி 58 செ.மீ. இறங்கியிருந்தால் கயிறு கிடைமட்டத்தோடு 30 பாகை.

இப்போது படம். 1 செ.மீ.க்கு 10 நியூட்டன். கீழ்நோக்கி 9.8 செ.மீ. அம்பு வரையுங்கள், அதுதான் எடை. அதன் நுனியிலிருந்து வலப்பக்கக் கயிற்றுக்கு இணையாக மேல்நோக்கி ஒரு கோடு; அம்பின் தொடக்கத்திலிருந்து இடப்பக்கக் கயிற்றுக்கு இணையாக, வலப்புறம் கீழே இறங்கும்படி இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் முக்கோணம் மூடும். அந்தப் பக்கங்களின் நீளமே இழுவிசை: இங்கே ஒவ்வொன்றும் 9.8 செ.மீ., அதாவது 98 நியூட்டன். தராசு 5 அல்ல, 10 காட்டும்.

கயிற்றை விறைப்பாக இழுத்து இறக்கத்தை 18 செ.மீ. ஆக்குங்கள், தராசு 28 கிலோவுக்குப் போகும். தாரைத் தாங்குவது இழுவிசையின் செங்குத்துக் கூறு மட்டும்தான். கயிறு படுக்கப் படுக்க அந்தக் கூறு சிறுத்துவிடுவதால் மொத்த இழுவிசை ஏறியாக வேண்டும். நெல்லையப்பர் தேர்வடத்தை நேர்த் திசைக்கு 60 பாகை விலகி இழுப்பவரின் பலத்தில் பாதியே தேருக்குச் சேர்வதும் இதனால்தான். 9 செ.மீ. இறக்கத்தை மட்டும் முயல வேண்டாம், 55 கிலோவைத் தாண்டி தராசு கெடும்.

விடை ஒத்துவராவிட்டால் முதலில் முடிச்சைப் பாருங்கள். அது ஒருபக்கம் வழுகியிருந்தால் கோணங்கள் மாறி, இரு இழுவிசைகளும் வேறுபடும். நைலான் நீளும், ஆகவே இறக்கத்தைச் சுமை ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். கயிறு கட்டியபின் தராசில் டேர் பொத்தானை (காட்டும் அளவைப் பூஜ்யமாக்குவது) அழுத்தினால், ஏற்கெனவே இருந்த இழுவிசை கணக்கிலிருந்து கழிந்துவிடும்.