302 என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு மசில் கார் பொருள் சேர்ப்பது எப்படி

பெரிய என்ஜின் போட்டு வேகத்துக்காகவே செய்த அமெரிக்க மசில் கார் மேல் ஆசை வந்துவிட்டால் முதலில் வருகிற வியாதி, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவது. ஹாட் வீல்ஸ் பொம்மை வண்டி ஒன்று, சாவி வளையம் ஒன்று, தகரப் பலகை ஒன்று, மஸ்டாங் படம் போட்ட குவளை ஒன்று. சீக்கிரமே அலமாரி நிறைந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் எடுத்துக் காட்டி நாலு வார்த்தை சொல்ல ஒன்றும் இருக்காது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், கார் ஸ்பேர்ஸ் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் நான். பார்ட் நம்பர் பார்த்தே பிழைப்பு நடக்கிறது. அதனால் என் யோசனையும் அந்த வழியில்தான் போகும்: ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தது 302.

அது கன அங்குலக் கணக்கில் என்ஜினின் அளவு. அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்தில் என்ஜின் 5 லிட்டரை, அதாவது 305 கன அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று விதி. ஷெவர்லே அதற்காகவே 4 அங்குல போர் (சிலிண்டரின் அகலம்), 3 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வைத்து 302 வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின் ஒன்றைச் செய்து கமாரோ இசட்/28 காரில் போட்டது. 1967-இல் செய்தது வெறும் 602 வண்டி. ஃபோர்டும் அதே 4, அதே 3 என்று ஒரு 302 வைத்திருந்தது. அதிலிருந்து வந்ததுதான் 1969, 1970-இன் பாஸ் 302 மஸ்டாங். இரண்டு கம்பெனியும் காகிதத்தில் போட்ட சக்தி 290 குதிரை. அளவு ஒன்று, ஆனால் ஒன்றின் பாகம் மற்றதில் சேராது. கவுண்டரில் நிற்பவர்களுக்கு இதைவிட ருசியான விஷயம் உண்டா?

அப்புறம், இந்த இரண்டு 302-உம் நம் ஊருக்கும் வந்தன. 1970-வாக்கில் பேசில் கிரீன் என்பவர் ஃபோர்டு 302-ஐ ஃபோர்டின் கேப்ரி காரில் இறக்கி ‘பெரனா’ என்று விற்றார். 1973-இல் ஷெவர்லே ஃபிரென்சா காரில் இசட்/28-இன் 302-ஐ வைத்து ‘கேன் ஆம்’ வந்தது. பந்தய அனுமதிக்காகச் செய்தது ஏறக்குறைய 100 வண்டி. அதன் பின்னால் இருந்தவர் பந்தய ஓட்டுநர் பேசில் வான் ரூயென். கேப்ரி, ஃபிரென்சா இரண்டும் ஐரோப்பிய உடம்பு. அதனால் அமெரிக்கச் சேகரிப்பாளர் சிலர் ‘இதெல்லாம் மசில் காரா?’ என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்களுக்கு அங்கே தெருவோரச் சந்தையில் கிடைக்காத ஒரு பொருள் நமக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிடைக்கிறது.

302 பிடிக்கவில்லையென்றால் கிரைஸ்லரின் 426 ஹெமி என்ஜினை எடுங்கள். 1964 போன்டியாக் ஜி.டி.ஓ.வின் 389-ஐ எடுங்கள். எண் எதுவானாலும் சரி, ஒன்றாக இருக்கட்டும்.

சின்ன வண்டியிலிருந்து தொடங்குவோம், காசு குறைவு. 1:64 அளவு (அசலில் 64-இல் ஒரு பங்கு) ஹாட் வீல்ஸ் புதிதாக வாங்கினால் ஐம்பது ராண்டுக்குள் முடியும். மேட்டல் கம்பெனி 1968-இல் முதலில் விட்ட 16 வண்டிகளிலேயே கமாரோவும் மஸ்டாங்கும் உண்டு. அந்தக் காலத்துச் சக்கரங்களில் சிவப்பு வளையம் இருக்கும். 1977 வரை வந்த அந்த வண்டிகளுக்கு ‘ரெட்லைன்’ என்று பெயர். இங்கேதான் ஏமாற்று நடக்கும். விற்பவர் வண்டியைப் புரட்டி, அடியில் இருக்கிற ஆண்டைக் காட்டி, ‘பாருங்க அக்கா, எவ்வளவு பழசு’ என்பார். அந்த ஆண்டு அச்சு வடிவத்துக்கு உரிமை வாங்கிய ஆண்டு, வண்டி செய்த ஆண்டு அல்ல. பழைய அச்சில் போன மாதம் வார்த்த வண்டியிலும் அதே ஆண்டுதான் இருக்கும். ஆண்டை விட்டுவிட்டு நாட்டைப் பாருங்கள். ரெட்லைன் வண்டிகளின் அடியில் அமெரிக்கா அல்லது ஹாங்காங் என்று இருக்கும். மலேசியா, தாய்லாந்து என்று இருந்தால் அது 1968 வண்டியாக இருக்க வழியே இல்லை, சக்கரத்தில் எத்தனை சிவப்பு வளையம் போட்டிருந்தாலும்.

‘சூப்பர் ட்ரெஷர் ஹண்ட்’ என்று ஒரு வகை 2007-இலிருந்து வருகிறது. மினுமினுக்கும் ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயின்ட், ரப்பர் டயர், உடம்பில் எங்காவது டி.ஹெச். என்று இரண்டு எழுத்து. விலை பல மடங்கு என்பதால் சாதாரண வண்டிக்கு ரப்பர் சக்கரம் மாற்றி விற்கிறவர்கள் உண்டு. அடிப்பக்கத்து ரிவெட்டைப் பாருங்கள். தொழிற்சாலை ரிவெட் வழவழப்பாக, மழுங்கி இருக்கும். துளை போட்ட தடமோ, ஸ்க்ரூவோ, பசையோ தெரிந்தால் பேரம் பேசாமல் கீழே வைத்துவிடுங்கள்.

1:18 அளவுக்கு வந்தால் பானெட் திறக்கும். எனக்கு அசல் சந்தோஷம் அங்கேதான். கடையில் நான் முதலில் செய்வது, பானெட்டைத் தூக்கி, ப்ளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. ஃபோர்டு 302-இல் அது முன்பக்கம், ரேடியேட்டரை ஒட்டி. ஷெவர்லே 302-இல் பின்பக்கம், ஃபயர்வாலை (என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பை) ஒட்டி. அதிலிருந்து எட்டு ப்ளக் வயரும் சிலந்திக்கால் போலப் பிரிந்து போகும். ஷெவர்லே என்ஜினுக்கு ஆரஞ்சு பெயின்ட், 1966-க்குப் பிந்தைய ஃபோர்டுக்கு நீலம். விலை குறைந்த சில மாதிரிகளில் ஒரே பிளாஸ்டிக் என்ஜினை நிறம் மட்டும் மாற்றி எல்லா வண்டியிலும் செருகியிருப்பார்கள்; பாஸ் 302 என்று அட்டையில் இருக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் ஃபயர்வாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். என் அண்ணன் மகனோடு கடைக்குப் போனால், ‘அத்தை, பானெட்டை மூடு, கடைக்காரர் பார்க்கிறார்’ என்பான். அவர் பார்க்கட்டும், விலை குறையும்.

காகிதம்தான் நம் ஊரின் பலம். இங்கே விற்ற வண்டிகளின் விற்பனைப் புத்தகங்களில் ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கும். பலவற்றில் ஆங்கிலத்தோடு ஆப்பிரிக்கான்ஸும் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1926-இலிருந்தே போர்ட் எலிசபெத்தில் வண்டி பூட்டியது (ஊருக்கு இன்று கெபெர்கா என்று பெயர்), ஃபோர்டும் அங்கேதான். 1970-களில் ‘பிராய் (வெளியில் கறி சுடும் விருந்து), ரக்பி, வெயில் வானம், ஷெவர்லே’ என்ற பொருளில் ஒரு விளம்பரம் நாடு முழுக்க ஓடியது. அமெரிக்காவில் பேஸ்பால், ஹாட் டாக், ஆப்பிள் பை என்று இருந்ததை நம் ஊருக்கு மாற்றிக்கொண்டார்கள். இந்த மாதிரி விளம்பரத் தாள்கள், டீலர் கொடுத்த சாவி வளையங்கள், சர்வீஸ் புத்தகங்கள் எல்லாம் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. பழைய மெக்கானிக் மாமாக்களிடம் கேளுங்கள். ‘விற்க ஏதாவது இருக்கா?’ என்று கேட்டால் ‘இல்லம்மா’ என்றுதான் பதில் வரும். ‘மாமா, அந்தக் காலத்தில் பெரனா எதையாவது திறந்து வேலை பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். டீ வரும், கதை வரும், அப்புறம் கராஜிலிருந்து ஒரு பெட்டி வரும்.

காகிதம் அசலா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். பழைய ஆஃப்செட் அச்சில் படம் ஒழுங்கான புள்ளிகளாக, சின்னப் பூ வடிவத்தில் தெரியும். வீட்டு பிரின்டரில் எடுத்த நகலில் மை தூவியதுபோல ஒழுங்கில்லாமல் இருக்கும். ஸ்டேபிள் துருப்பிடித்திருந்தால் பதறாதீர்கள், பிடுங்கவும் வேண்டாம்.

பேட்ஜ், எம்ப்ளம் வகையில் என் தொழில் கை கொடுக்கிறது. எதையும் முதுகுப் பக்கத்திலிருந்து பாருங்கள். பழைய வார்ப்பில் எண் பதிந்திருக்கும், பொருத்தும் ஊசிகள் உடம்போடு சேர்ந்தே வார்த்திருக்கும். ஃபோர்டு எண்ணைப் படிப்பது சுலபம்: முதல் எழுத்து பத்தாண்டு, அடுத்த இலக்கம் ஆண்டு. ‘சி9’ என்றால் 1969, ‘டி0’ என்றால் 1970. அந்த ஆண்டுக்காக வடிவமைத்த பாகம் என்று அர்த்தம். அதற்குப் பிறகும் அதே எண்ணில் செய்திருக்கலாம். ஷெவர்லேயில் வெறும் எண் வரிசைதான், பட்டியலை வைத்துத்தான் தேட வேண்டும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: 1967 இசட்/28 வண்டியின் வெளிப்பக்கத்தில் இசட்/28 பேட்ஜே கிடையாது, கோடுகள் மட்டும்தான். ‘1967 அசல் இசட்/28 பேட்ஜ்’ என்று ஒருவர் நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். நகல் பேட்ஜ் வாங்குவது தப்பில்லை, நகல் விலைக்கு வாங்கினால்.

தொப்பி, டி-ஷர்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கார் கம்பெனியின் உரிமம் பெற்ற லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள், பிடித்தால் போடுங்கள், துவையுங்கள். தகரப் பலகைகளில் ‘பழசு’ என்று விற்பதில் பெரும்பகுதி புதிதாக அச்சடித்துத் துருவை வரைந்தவை. துருவை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் அது பெயின்ட். அசல் எனாமல் பலகையில் இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சு கனமாக இருக்கும், சில்லு பெயர்ந்த இடத்தில் அந்தக் கனம் கண்ணுக்குத் தெரியும்.

இனி, வாங்கியதைக் காப்பாற்றுவது. டர்பனில் இதுதான் பெரிய வேலை. கடல் காற்றும் ஈரமும் ஆக்ஸிலைத் துருப்பிடிக்க வைக்கும், குரோமில் புள்ளி புள்ளியாகப் பொத்தல் போடும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், கோடைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். டை-காஸ்ட், அதாவது அச்சில் வார்த்த உலோக வண்டிகள் துத்தநாகக் கலவை. வார்க்கும்போது ஈயம் கலந்து கெட்டுப்போன கலவையாக இருந்தால், வருஷங்கள் கழித்து உடம்பு தானாக வெடித்துப் பொடியும். ஈரம் அதை வேகப்படுத்தும், மருந்து கிடையாது. வாங்குமுன் கூரைத் தூண்களிலும் கதவு ஓரத்திலும் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தாலும் சந்தேகம்தான்.

மிருதுவான டயர்களிலிருந்து கசிகிற எண்ணெய்ப்பசை, பிளாஸ்டிக் பெட்டியின் தரையை உருக்கி வண்டியை ஒட்ட வைத்துவிடும். டயருக்கு அடியில் ஒரு துண்டு அலுமினியத் தாள் வையுங்கள், போதும். புத்தகங்களுக்குப் பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். ஃபிஷ்மாத் பூச்சிக்குப் பழைய காகிதமும் பசையும் விருந்து. அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்களென்றால் அதற்கு இலை போட்டுப் பரிமாறியதாகிவிடும். இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது: அலமாரியைச் சாமி அறைக்கு எதிரே வைக்காதீர்கள். விளக்கு எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் கண்ணாடியிலும் பெயின்டிலும் பழுப்புப் படலமாகப் படியும். அதைத் துடைக்கத் துடைக்க டெக்கால் என்கிற ஒட்டுப்படம்தான் உரிந்து வரும். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள், அலமாரியை ஹாலுக்கு மாற்றுங்கள்.

எங்கே வாங்குவது? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ‘கார்ஸ் இன் த பார்க்’ கண்காட்சிக்குக் காலையிலேயே போங்கள். வண்டிகளை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம், சாமான் விற்கும் மேசைகள் சீக்கிரம் காலியாகும். இணையத்தில் பாப் ஷாப், கம்ட்ரீ இரண்டிலும் தேடலாம். ‘மசில் கார்’ என்று தேடாமல் ‘பழைய கார் புத்தகங்கள்’, ‘தாத்தாவின் சாமான்’ என்கிற மாதிரி பொதுவாகத் தேடினால் விலை தெரியாமல் போட்டவை சிக்கும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் பொருள் விலையோடு அனுப்பும் செலவு, 15% வாட் வரி, கூரியர்காரர் வாங்கும் சுங்கக் கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும். 1:18 வண்டி கனம், பெட்டி பெரிது; சில சமயம் அனுப்பும் செலவே வண்டியின் விலையைத் தாண்டும். காகிதமும் பேட்ஜும் உறையில் வந்துவிடும். அதனால் வெளிநாட்டிலிருந்து லேசானது, உள்ளூரில் கனமானது என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

கண்காட்சிக்குக் கிளம்பும்போது பையில் சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, சில்லறை நோட்டுகள், அப்புறம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பொருள்களின் படம் போனில். அந்தப் படம் இல்லாமல் போனால் அதே நீலக் கமாரோவை மறுபடியும் வாங்கி வருவீர்கள்.