ஹெல்த் கோச்சிடம் சேருமுன் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

கோபியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள்: "ஏனுங்க, ஹெல்த் கோச்சுகிட்ட சேரலாமுங்களா?"

தாராளமாகச் சேரலாம். "எடையைக் குறைங்க, நடங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிடுவார். காடு, மாடு, கல்யாணம், காது குத்து எல்லாவற்றுக்கும் நடுவே அதை எப்படிச் செய்வது என்று வாராவாரம் நம்மோடு உட்கார்ந்து யோசிக்க ஒருவர் இருந்தால் நல்லதுதானே. கோச்சின் வேலை அதுதான். ஆனால் ஆளைப் பார்த்துச் சேர வேண்டும்.

முதலில் படிப்பு. என் கடைச் சுவரில் பார்மசி கவுன்சில் பதிவுச் சான்று மாட்டியிருக்கிறது. கோச்சுக்கு நம் நாட்டில் அப்படிக் கட்டாயப் பதிவு எதுவும் கிடையாது. சனி, ஞாயிறு இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் பெயருக்குப் பின்னால் கோச் என்று போட்டுக்கொள்ளலாம். அதனால் எங்கே படித்தார், எத்தனை மாதம் படித்தார், பயிற்சியின்போது அவர் ஆட்களோடு பேசுவதைக் கவனித்துத் திருத்த யாராவது இருந்தார்களா என்று கேளுங்கள். அமெரிக்காவில் ஹெல்த் கோச்சுகளுக்குத் தேர்வு வைத்துச் சான்று தர என்.பி.ஹெச்.டபிள்யூ.சி. என்று ஒரு வாரியம் இருக்கிறது. அங்கீகரித்த பயிற்சியை முடித்து, குறைந்தது 50 அமர்வுகள் நடத்தியவரைத்தான் தேர்வு எழுத விடுவார்கள். அதில் தேறியதாக ஒருவர் சொன்னால், வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். நம் பக்கம் அந்தச் சான்று வைத்திருப்பவர் அபூர்வம். இல்லை என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். கோவை அவினாசிலிங்கம் மாதிரி இடத்தில் உணவியல் படித்து, ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை பார்த்தவர் என்றால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். "நானே 20 கிலோ குறைச்சேன்" என்பதைப் படிப்புக் கணக்கில் சேர்க்க முடியாது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கறார். ஒரு அக்கா போனை நீட்டினார். காலையில் எதுவும் சாப்பிட வேண்டாம், மத்தியானம்தான் முதல் சாப்பாடு, மாத்திரையைப் பாதியாக்குங்கள் என்று கோச் அனுப்பியிருந்தார். டாக்டர் சீட்டில் இருந்தது கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், மயங்கி விழவும் கூடும். "டாக்டரைப் பார்க்காம எதையும் மாத்தாதீங்கக்கா" என்று சொல்லி அனுப்பினேன். ஒழுங்கான கோச் மாத்திரையைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். என்ன மாத்திரை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, டாக்டரிடம் பேசிவிட்டு வரச் சொல்வார். சுகரை அடியோடு குணமாக்குகிறேன் என்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். அப்படிச் சொல்லி மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

பவுடர் டப்பா விற்கிறவரா என்றும் பாருங்கள். நானும் டப்பா விற்கிறவன்தான், அதனால் சொல்கிறேன்: டப்பாவில் கமிஷன் இருந்தால் யோசனையும் டப்பா பக்கமே சாயும்.

பெரும்பாலும் முதல் பேச்சு இலவசம். அதில் யார் அதிகம் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். நல்ல கோச் கேட்டுக்கொண்டே இருப்பார். விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறக்க எழுகிறவரா, தறியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவரா, வீட்டில் சமையல் யார் கையில், முட்டி வலி இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமலே ஓட்ஸ், அவகேடோ என்று சார்ட் அனுப்புகிறவர் எல்லோருக்கும் அதையேதான் அனுப்புவார். கொள்ளும் பச்சைப்பயறும் கடைந்து சாப்பிடுகிற வீட்டில் அதை வைத்தே ஆரம்பிக்கலாமே? அரிசிம்பருப்புச் சாதத்தை விடச் சொல்லாமல், அளவைக் குறைத்துப் பக்கத்தில் ஒரு பொரியலைக் கூட்டச் சொல்கிறவர் என்றால் நம்பி இன்னும் கொஞ்சம் பேசலாம்.

பணத்தை மாதாமாதம் கட்டுங்கள். ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், வேண்டாம். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேருமுன் ஹெச்பிஏ1சி ஒரு தடவை எடுத்து வையுங்கள். அது ரத்தத்தில் சுகரின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை. பதினைந்து நாளில் கோச்சை எடை போட அது உதவாது. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டு சீட்டையும் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.