கேம் டிசைன் கற்க வேண்டுமா? முதலில் ஒரு சாக்பீஸ் எடுங்கள்

கேம் டிசைன் கற்கப் போகிறேன் என்று கிளம்புகிற நிறையப் பேர் முதலில் செய்வது, கேம் செய்ய உதவும் மென்பொருளான யூனிட்டியையோ கோடோவையோ டவுன்லோட் செய்து, திரையில் ஒரு பெட்டியை இடமும் வலமும் நகர்த்துவதற்கு இரண்டு வாரம் யூடியூப் பார்த்து, மூன்றாவது வாரம் விட்டுவிடுவது. இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்கள் நாற்பது பக்கத்துக்குக் கதை எழுதுவார்கள்: ராஜ்ஜியம், சாபம், வில்லனின் சின்ன வயசு எல்லாம் இருக்கும், விளையாடுகிறவர் கையால் என்ன செய்வார் என்பது மட்டும் இருக்காது. கோடிங்கும் கதையும் பின்னால் வேண்டும்தான். டிசைன் என்பது விதிகளை முடிவுசெய்வது. ஆடுகிறவர் என்ன செய்யலாம், எதைச் செய்ய முடியாது, எப்போது ஜெயிப்பார், அதுவரை அவர் மண்டைக்குள் என்ன ஓட வேண்டும். இதைப் பழக கம்ப்யூட்டர் தேவையில்லை.

ஆடுபுலி ஆட்டத்தில் தொடங்குங்கள். தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள், கோடுகள் சந்திக்கும் புள்ளி 23 வரும். 3 புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், எல்லா ஆடும் இறங்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புலி ஆட்டைத் தாண்டி அந்தப் பக்கம் காலியாக இருக்கும் புள்ளிக்குப் போனால் ஆடு காலி. புலிகள் நகர வழியே இல்லாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். சின்னச் சின்ன விதிகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் வீட்டில் எப்படி ஆடுவார்களோ அப்படியே ஆடுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து நாலைந்து ஆட்டம் ஆடினால் ஒன்று புரியும்: இரண்டு பேரும் ஒரே பலகையில் வேறு வேறு கேம் ஆடுகிறார்கள். புலிக்காரர் வேட்டையாடுகிறார், ஆட்டுக்காரர் வேலி கட்டுகிறார்.

இப்போது ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். ஒன்றுதான், ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. புலியை நான்காக்கிப் பாருங்கள். ஆடு தாங்கவில்லையா, சரி, ஆட்டை 18 ஆக்கலாம் என்று தோன்றும், ஆனால் ஒரு ஆடும் வெட்டுப்படாவிட்டால் 4 புலியும் 18 ஆடும் சேர்ந்து 22 புள்ளியை அடைத்துவிடும், மிச்சம் ஒரே ஒரு புள்ளி, யார் எங்கே நகர்வது? ஆகக் கட்டத்தையே பெரிதாக்க வேண்டும், கட்டம் பெரிதானால் புலி தப்பிக்கும் வழியும் கூடும். ஒரு எண்ணைத் தொட்டால் மற்ற எல்லா எண்ணும் அசையும். பேலன்ஸ் என்று கேம் பண்ணுகிறவர்கள் சதா புலம்புவது இதைத்தான்.

அடுத்து பாம்பு ஏணி. 100 கட்டம் இருக்கிறது, நீங்கள் எடுக்கும் முடிவு எத்தனை? பூஜ்யம். பகடை சொல்கிறது, காய் போகிறது. (சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிய நியாயம், அப்பாவையும் தோற்கடிக்கலாம்.) இதில் ஒரு முடிவைப் புகுத்துவோம்: இரண்டு பகடை உருட்டி, இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து நகர வேண்டும். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். நான்கு கட்டம் தள்ளி ஒரு ஏணி இருக்கிறது என்றால், ஒரு பகடையில் அது கிடைக்கும் வாய்ப்பு 6ல் 1, அதாவது 36க்கு 6. இரண்டு பகடையில் 36க்கு 11, ஏறக்குறைய இரட்டிப்பு. நல்லதுதானே? ஆனால் பாம்பைப் பாருங்கள். நான்கு கட்டம் தள்ளிப் பாம்பு இருந்தால், இரண்டு பகடையிலும் நான்கு விழுந்தால்தான் மாட்டுவீர்கள், அது 36க்கு 1. பாம்புக்கு இனி யாரும் பயப்பட மாட்டார்கள், கேம் சப்பென்று ஆகிவிடும். அதனால் அடுத்தடுத்து மூன்று பாம்பு வையுங்கள், மூன்று பாம்பும் ஒரே உருட்டலில் போய்ச்சேரும் தூரத்தில் இருக்கும்போது தப்பவே முடியாமல் மாட்டும் வாய்ப்பு 36க்கு 9 ஆகிறது, நாலில் ஒன்று. இப்போது உருட்டும்போது கை கொஞ்சம் நடுங்கும். இவ்வளவு கணக்கு தெரிந்தால் ஆரம்பத்துக்குத் தாராளம்.

மாற்றிய கேமை வேறு யாரிடமாவது கொடுங்கள், கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அவர் விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆடுவார், உங்களுக்கு நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். எங்கே தயங்கினார், எப்போது போனை எடுத்துப் பார்த்தார், எப்போது “இன்னொரு ஆட்டம்” என்றார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் “நல்லா இருந்துச்சா?” என்று கேட்பதில் பிரயோஜனமில்லை, முகத்துக்கு நேரே யாரும் மோசம் என்று சொல்ல மாட்டார்கள். “அந்த இடத்துல ஏன் அப்படி நகர்த்துனீங்க?” என்று கேளுங்கள். “சும்மாதான், எப்படி நகர்த்துனாலும் ஒண்ணுதானே” என்று பதில் வந்தால் அங்கே உண்மையான முடிவு எதுவும் இல்லை.

அப்புறம் கம்ப்யூட்டருக்கு வாருங்கள். கோடிங் சுத்தமாகத் தெரியாதென்றால் கட்டளைக் கட்டைகளை இழுத்து அடுக்கும் ஸ்க்ராட்ச், கொஞ்சம் தெரிந்தால் கோடோ, இரண்டும் இலவசம். முதலில் 1972ல் வந்த பாங் என்ற கேம் மாதிரி ஒன்றைச் செய்யுங்கள், இரண்டு மட்டை, ஒரு பந்து. பந்தின் வேகம், மட்டையின் நீளம் என்று இரண்டு எண்ணை மட்டும் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள், அதிலேயே ஒரு வாரம் போகும்.

பிறகு, ஆடிய கேம்களையே திரும்ப ஆடுங்கள், இந்த முறை சந்தேகக் கண்ணோடு. 1985ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் திரையில் மாரியோ இடது பக்கம் நிற்கிறான், வலது பக்கம் காலி, ஆகவே வலப்பக்கம் போகிறோம். கொஞ்ச தூரத்தில் ஒரு எதிரி மெதுவாக வருகிறது, தொட்டால் சாவு, குதித்தால் தப்பிக்கலாம். ஒரு வரி விளக்கம் கிடையாது, ஐந்து நொடியில் கேமே புரிந்துவிடுகிறது. 2018ல் வந்த செலஸ்ட் உட்படப் பல குதிக்கும் கேம்களில் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போதும் நொடியின் ஒரு சின்னப் பங்கு நேரத்துக்கு ஜம்ப் பட்டன் வேலை செய்யும். நியாயப்படி அது ஏமாற்று வேலை, ஆனால் அது இல்லாவிட்டால் “நான் சரியாத்தானே அமுக்கினேன்” என்று கன்ட்ரோலரைத் தூக்கி எறிவோம்.

முதல் கேம் ஒரு திரையில் அடங்கட்டும், ஒரு நிமிடத்தில் ஆடி முடிக்கும்படி இருக்கட்டும். பெரிதாகச் செய்ய ஆசை வந்தால் லூடம் டேர் மாதிரி ஒரு கேம் ஜாமில் (குறித்த நேரத்துக்குள் கேம் செய்து முடிக்கும் நிகழ்வு) சேருங்கள், அங்கே தனியாளாகப் போட்டியிடும் பிரிவுக்கு 48 மணி நேரம்தான், கதை எழுத உட்கார்ந்தால் நேரமே இருக்காது. முடித்ததை யார் வேண்டுமானாலும் கேம் பதிவேற்றலாம் என்கிற இட்ச் (itch.io) தளத்தில் போடுங்கள், ஆடிப் பார்க்க ஒவ்வொரு முறையும் புது ஆளைத் தேடுங்கள், ஏனென்றால் ஏற்கெனவே ஆடிய நண்பருக்கு உங்கள் கேமின் குறைகள் எல்லாம் பழகிப்போயிருக்கும்.