கிளிப் கழற்றியாச்சு, இனி ரிட்டெய்னர்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

பல்லுக்குப் போட்ட கிளிப்பைக் கழற்றிய அன்று எல்லோரும் கண்ணாடி முன்னால்தான் நிற்பார்கள். டாக்டர் கையில் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவை அந்த நேரத்தில் யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஒன்றரை, இரண்டு வருடம் கஷ்டப்பட்டு வரிசைப்படுத்திய பல் அப்படியே நிற்குமா என்பது அந்த டப்பாவுக்குள் இருக்கும் ரிட்டெய்னரை, அதாவது பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும் கருவியைப் பொறுத்தது. புதிதாக ரிட்டெய்னர் வாங்கியவர்களுக்காகவும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம்: நேராக்கிய பல் ஏன் திரும்பிப் போகிறது?

பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் இருக்கின்றன. கிளிப் பல்லை நகர்த்தும்போது ஒரு பக்கம் எலும்பு கரைகிறது, மறுபக்கம் புதிதாக வளர்கிறது, நார்கள் இழுபடுகின்றன. கிளிப்பைக் கழற்றியதும் இவை உடனே புது இடத்துக்குப் பழகிவிடுவதில்லை. வேரைச் சுற்றிய நார்கள் ஒழுங்குக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். ஈறுக்குள் இருக்கும் மீள்தன்மை கொண்ட நார்களுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். முறுக்கிக்கொண்டிருந்த பல்லைத் திருப்பி நேராக்கியிருந்தால் அது பழைய கோணத்துக்கே திரும்பப் பார்ப்பது இதனால்தான்.

அப்படியானால் ஒரு வருடம் போட்டால் போதுமா என்று கேட்கலாம். போதாது. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கிக்கொண்டு வரும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர், சிகிச்சை முடித்து, ரிட்டெய்னரையும் நிறுத்திப் பல வருடம் ஆனவர்களைப் பார்த்து 1981-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் கீழ் முன்பல் வரிசை திருப்தியாக இருந்தவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு. இதற்கெல்லாம் ஞானப்பல்தான் காரணம் என்று சொல்லிப் பிடுங்கச் சொல்பவர்கள் உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

படி 1: உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

அண்ணத்தில் படியும் அக்ரிலிக் பிளேட்டும், முன்பற்களுக்கு வெளியே ஓடும் கம்பியும் இருந்தால் அது ஹாலி ரிட்டெய்னர். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹாலி 1919-இல் எழுதிய வடிவம், இன்றும் அதிகம் மாறவில்லை. சிகிச்சை முடிந்தவர்களின் பல்லை நகராமல் பார்த்துக்கொள்ள யாராவது பொறுப்பேற்றால் தன் கட்டணத்தில் பாதியைக் கொடுக்கத் தயார் என்று அவர் சொன்னதாகப் பல் மருத்துவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. நூறு வருடம் ஆகியும் அந்தத் தலைவலி தீரவில்லை!

பல் முழுவதையும் மூடும் கண்ணாடி போன்ற உறை என்றால் கிளியர் ரிட்டெய்னர். மூன்றாவது, முன்பற்களின் உள்பக்கம் பசையால் ஒட்டிவிடும் மெல்லிய கம்பி. இதை நாமாகக் கழற்ற முடியாது.

என்னைக் கேட்டால், ஞாபகமாகப் போடுவோமா என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒட்டுக்கம்பி நல்லது. வெளியே தெரியக்கூடாது என்பவர்களுக்குக் கிளியர். நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் ஹாலி.

படி 2: போடுவதும் கழற்றுவதும்

கையைக் கழுவி, பல் துலக்கிவிட்டுப் போடுங்கள். கிளியர் வகையை முதலில் முன்பற்களில் பொருத்தி, பிறகு விரல் நுனியால் இரண்டு பக்கக் கடைவாய்ப்பற்கள் வரை அழுத்துங்கள். ஹாலியை அண்ணத்தோடு சேர்த்துக் கட்டைவிரலால் மேலே தள்ளினால் போதும். வாயில் போட்டுக் கடித்துச் சரியாக உட்கார வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கிளியர் விரிசல் விடுவதும் ஹாலியின் கொக்கி வளைவதும் பெரும்பாலும் அதனால்தான்.

கழற்றும்போது கிளியரைக் கடைவாயின் உள்ஓரத்தில் விரல் கொடுத்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கடைசியில் முன்பக்கத்தை எடுங்கள். ஹாலியைக் கடைவாய்க் கொக்கிகளைப் பிடித்துக் கழற்ற வேண்டும். முன்கம்பியை இழுத்தால் வளைந்துவிடும், வளைந்த கம்பி பல்லைத் தவறான பக்கம் தள்ளும்.

முதல் சில நாட்கள் எச்சில் அதிகம் ஊறும், ‘ஸ’, ‘ச’ வரும் இடங்களில் நாக்கு தடுமாறும். வீட்டில் சத்தமாகச் செய்தித்தாள் படியுங்கள், சீக்கிரம் சரியாகிவிடும்.

படி 3: எவ்வளவு நேரம்?

வழக்கமாகச் சொல்வது: முதல் 3 முதல் 6 மாதம், சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர நாள் முழுக்க. அப்புறம் இரவில் மட்டும். சில மருத்துவர்கள் ஆரம்பத்திலேயே இரவு மட்டும் போதும் என்பார்கள், பல்லின் நிலையைப் பொறுத்து அது மாறும். உங்கள் டாக்டர் சொன்ன கணக்கைப் பின்பற்றுங்கள், பக்கத்து வீட்டுப் பையனுடையதை அல்ல. இரவு எத்தனை வருடம் என்றால், பல் இப்படியே இருக்க வேண்டும் என்று நினைக்கும் வரை.

படி 4: சாப்பாட்டு நேரம்

ரிட்டெய்னர் தொலைவதில் பெரும்பகுதி இங்கேதான். ஹோட்டலில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி மேசையில் வைப்பார்கள், துடைக்கும் பையன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். கல்யாணப் பந்தியில் இலையோரம் வைத்தால் இலையை மடித்து எடுக்கும்போது அதுவும் போய்ச் சேரும். விதி ஒன்றுதான்: வாயில் இல்லையென்றால் டப்பாவில். சட்டைப் பை, தட்டின் ஓரம், வாஷ்பேசின் விளிம்பு எதுவும் கணக்கில் இல்லை.

வாயில் இருக்கும்போது தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சூடான காபி, டீ கிளியரின் வடிவத்தைக் கெடுக்கும், கறையும் பிடிக்கும். ஜூஸ், கூல் டிரிங்க்ஸ் அதைவிட மோசம்: இனிப்பு உறைக்குள் தேங்கி, எச்சில் வந்து கழுவ முடியாமல், பல்லைச் சொத்தையாக்கும்.

படி 5: கழுவுதல்

கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். தினம் ஒரு முறை, தனியாக வைத்த மென்மையான பிரஷ்ஷும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விடும் போதும். கிளியருக்கு டூத்பேஸ்ட் வேண்டாம், அதிலுள்ள துகள்கள் கீறி மங்கலாக்கும். வெள்ளைப் படிவம் தென்பட்டால் பல்செட் ஊறவைக்கும் மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கும், அட்டையில் போட்டிருக்கும் நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள்.

கிருமி சாகும் என்று வெந்நீரில் போடச் சொல்லும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிளாஸ்டிக் சுருங்கினால் திரும்ப நிமிர்த்த வழியில்லை. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டாலும் இதே கதிதான். நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எச்சில் வாசனைக்கு நாய் அதைத் தேடிப்போய்க் கடிக்கும், உயரத்தில் வையுங்கள்.

படி 6: இறுக்கத்தைக் கவனியுங்கள்

இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். பல் நகர்வது கண்ணாடியில் தெரிவதற்கு முன்பே ரிட்டெய்னரில் தெரிந்துவிடும்.

சுலபமாக உட்கார்ந்தால் கவலை இல்லை. இறுக்கமாக இருந்து, ஆனாலும் முழுதாக உட்கார்ந்தால், சில இரவுகள் விட்டுப்போயிருக்கும். இறுக்கம் போகும் வரை பகலிலும் சேர்த்துப் போடுங்கள். முழுதாக உட்காரவே இல்லை, பல் நுனிக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது. ஒரே ஒரு பல் மட்டும் தொடர்ந்து வலித்தாலும் அப்படியே.

ஒட்டுக்கம்பிக்காரர்களுக்கு இந்தச் சோதனை கிடையாது, அதனால்தான் அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு பல்லில் பசை விட்டுப்போனால் வலிக்காது, தெரியவும் தெரியாது. அந்தப் பல் மட்டும் தனியாக நகரத் தொடங்கும். அவ்வப்போது ஒவ்வொரு பல்லிலும் கம்பி அசைகிறதா என்று விரல் நகத்தால் தொட்டுப் பாருங்கள். முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு போன்றவற்றை முன்பல்லால் கடிக்காதீர்கள். கம்பிக்கு அடியில் பற்காரை (கெட்டியான அழுக்கு) சேரும், சாதாரண பிரஷ் அங்கே போகாது. பல்லிடுக்கு பிரஷ்ஷோ, முனை விறைப்பான சூப்பர் ஃபிளாஸோ (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) வாங்கிக்கொள்ளுங்கள்.

உடைந்தாலோ தொலைந்தாலோ

உடைந்ததை வீட்டுப் பசை வைத்து ஒட்ட வேண்டாம். புதியது செய்ய, உங்கள் பல்லின் பிளாஸ்டர் மாதிரியோ ஸ்கேன் ஃபைலோ மருத்துவரிடம் இருக்கும். கிளிப் கழற்றும் அன்றே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் ஊர் மாறினாலும் கவலை இல்லை. ஆனால் அந்த மாதிரி கிளிப் கழற்றிய நாளுடையது. பல் அதற்குள் நகர்ந்திருந்தால் அதை வைத்துச் செய்யும் புது ரிட்டெய்னரும் உட்காராது. அதனால் தொலைந்தது தெரிந்ததும், அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திருக்காமல், மறுநாளே போன் செய்துவிடுங்கள்.